விரிசல் சொல்லும் செய்தி

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில் உள்ள சித்தியவானைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்தன. தோட்டத்து வீடுகள் நிருவாகத்துக்குச் சொந்தமானவை. வேலை முடிந்தால் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டும். எனவே, தோட்டத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களுக்குச் சொந்த வீடு பெருங்கனவாக இருந்தது. அக்கனவை நிறைவேற்றப் பலர் ஊழியர் சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் நம்புகின்றனர். விரிசல் கண்ட வீட்டை அறியாமல் வாங்கினால், அவர்களின் வாழ்நாள் சேமிப்பே ஆட்டம் காணும்.

வீட்டின் உறுதி நிலத்தைப் பொறுத்தது. கடற்கரையை ஒட்டிய மஞ்சோங் சமவெளியில் மென்மையான களிமண் காணப்படுகிறது. பாரம் ஏறும்போது இம்மண் மெல்ல அமுங்கும். ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கின் நிலை வேறு. அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறைகளும், பல இடங்களில் பழைய ஈயச் சுரங்க நிலங்களும் உள்ளன.

வரிசை வீடுகளில் பின்புறச் சமையலறையைப் பலர் பின்னாளில் பெரிதாக்குகின்றனர். முதன்மை வீடு ஆழமான அடித்தளத் தூண்களின்மீது நிற்கலாம். புதிய பகுதியோ மேல்மண்ணின்மீதே நிற்கலாம். அப்போது புதிய பகுதி மட்டும் கீழிறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் பிளவு தோன்றும், மழைநீரும் கசியும்.

எல்லா விரிசலும் ஆபத்தானதன்று. சுவர்ப்பூச்சு உலரும்போது மயிரிழை போன்ற கோடுகள் தோன்றுவது இயல்பு. கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு முனையில் அகன்றிருக்கும் விரிசலே கவனத்துக்குரியது. கதவு சரியாக மூடாமை, தரை சரிந்திருத்தல் ஆகியனவும் எச்சரிக்கைகளே. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி வைத்தால், அது வளர்கிறதா என்பதைச் சில மாதங்களில் அறியலாம். ஆனால், விற்பனைக்கு முன் புதுச்சாயம் பூசப்பட்டால் இந்த அடையாளங்கள் மறைந்துவிடும்.

அறிகுறிகளை அலட்சியப்படுத்தினால் என்ன நேரும் என்பதை மலேசியா ஒருமுறை துயரத்துடன் கண்டது. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், சிலாங்கூரின் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்தது. 48 பேர் உயிரிழந்தனர். தொடர்மழையில் ஊறிய பின்புற மலைச்சரிவு இடிந்து, கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ளியதே காரணம். அதற்கு முன்பே சுற்றியிருந்த சாலையில் விரிசல்கள் தோன்றியிருந்தன.

வீடமைப்பு மேம்பாட்டாளரிடம் புதிய வீடு வாங்குபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சாவி ஒப்படைக்கப்பட்ட 24 மாதங்களுக்குள் காணப்படும் கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளரே சரிசெய்ய வேண்டும். பழைய வீட்டுக்கு இக்காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். வங்கிக்காக வீட்டைப் பார்வையிடும் மதிப்பீட்டாளரும் முக்கியமாக அதன் விலையையே கணிக்கிறார். ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சோதித்தல் வாங்குபவரின் பொறுப்பாகிறது.

எந்தச் சுவர் எப்போது பழுதுபார்க்கப்பட்டது, யார் பழுதுபார்த்தார், ரசீது உள்ளதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். சமையலறை விரிவாக்கத்துக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி பெறப்பட்டதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். கனமழைக்குப் பின் ஒருமுறை வீட்டைப் பார்ப்பதும், அண்டை வீட்டாரிடம் விசாரிப்பதும் நன்று. ஐயம் எழுந்தால் கட்டடப் பொறியாளரை அழைத்துச் செல்லலாம். அவருக்குக் கொடுக்கும் கட்டணம், அடித்தளத்தைச் சீர்செய்யும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

பழுது கண்ட வீடுகள் யாவும் ஒதுக்கத்தக்கவை அல்ல. மண் அமுங்குவது நின்று, முறையாகச் சீர்செய்யப்பட்ட வீட்டை அதற்கேற்ற விலையில் வாங்கலாம். ஆனால், அதன் வரலாறு வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி ஆற்றுக்கு மட்டுமன்று. வீட்டின் அடித்தளத்துக்கும் பொருந்தும்.