கேம் கம்பியூட்டர் விற்கப் போகிறீர்களா? மூட்டையின் அடியையும் பாருங்கள்

மாத்தளை திருகோணமலை வீதியில் துணி விற்கும் எனக்கும், பிள்ளைகள் கேம் விளையாடும் கம்பியூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசக வியாபாரிகள் கேட்கலாம். என் தங்கையின் மகன் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதில் பட்ட அடியினால்தான் இந்த விடயத்தைப் படித்துக்கொண்டேன்.

2022 பெப்ரவரி கடைசியில் தம்புள்ளையிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். தகப்பனார் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி கொமிஷன் வியாபாரி. ஆர்.டி.எக்ஸ். 3080 கார்ட் போட்ட மெஷின் ஒன்று வேண்டுமென்றார். மருமகன் எட்டரை இலட்சம் என்று துண்டில் எழுதிக் கொடுத்து, மூன்று இலட்சம் முற்பணம் வாங்கினார். துண்டில் திகதியும் இல்லை, விலை எத்தனை நாளைக்கு என்பதும் இல்லை. கிரபிக்ஸ் கார்ட் விலை அப்போது உலகம் முழுவதும் இறங்கிக்கொண்டிருந்ததால், இரண்டு வாரம் பொறுத்து எடுப்போம் என்று இருந்துவிட்டார்.

மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைக் கட்டவிழ்த்தது. 203 ரூபாவில் நின்ற டொலர் மாதம் முடிவதற்குள் 300 ஐ நெருங்கியது. மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. எட்டரை இலட்சத்துச் சாமானை வாங்கப் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல் வேண்டியிருந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று. கார்டையும் புரொசஸரையும் குறைக்க முடியாது, பெயரைச் சொல்லித்தான் ஓடர் எடுத்தோம். "பெட்டிக்குள்ளே இருக்கிற பவர் சப்ளையை யார் பார்க்கப் போகிறார்கள்? அதில் குறைத்துக்கொள்" என்று யோசனை சொன்னது நான்தான்.

மிளகு வாங்குகிற நமக்கு இது தெரியாத விடயமா? மூட்டையின் வாயில் இருப்பதை மட்டும் பார்த்து விலை பேசுகிறவன் அடியிலுள்ள ஈரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறான். கேம் மெஷினில் மூட்டையின் வாய் கிரபிக்ஸ் கார்ட், அடி பவர் சப்ளை.

3080 கார்ட் 320 வொட் இழுக்கும். ஆனால் விளையாட்டு நடக்கும்போது கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவாக ஒரு துள்ளல் துள்ளி அதற்கும் மேலே போகும். நல்ல பவர் சப்ளை அதைத் தாங்கும். மலிவானது அணைந்துவிடும், அல்லது தானும் எரிந்து பக்கத்தில் இருப்பதையும் எரிக்கும். அந்த வருடம் மின்வெட்டு வேறு. மார்ச் கடைசியில் ஒரு நாள் 13 மணித்தியாலம் வரை போனது. மின்சாரம் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு அடி. மே கடைசியில் கொடுத்த மெஷின் செப்டெம்பரில் புகைந்தது. பவர் சப்ளையோடு கார்டும் போயிற்று. கொழும்பில் சாமான் தந்தவர்கள் எரிந்த அடையாளம் இருந்தால் வொரன்டி இல்லை என்றார்கள். அது இன்வொய்ஸின் பின்பக்கம் எழுதியிருந்தது, நாம்தான் வாசிக்கவில்லை. தம்புள்ளைத் தகப்பனார் சத்தம் போடவில்லை. "நீங்கள் சொன்ன சாமானுக்குத்தானே காசு தந்தேன்" என்று மட்டும் கேட்டார். கார்டின் பணத்தை பதினொரு மாதத் தவணையில் கொடுத்து முடித்தோம்.

இனி, இன்று ஒருவர் இப்படியான மெஷின் கேட்டு வந்தால் எப்படித் தெரிவு செய்வது?

முதல் கேள்வி மொனிட்டரைப் பற்றியது. வீட்டில் இருப்பது பழைய 1080 மொனிட்டர் என்றால், 2025 ஜனவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 ஐ அதற்கு விற்பது முச்சக்கர வண்டிக்கு லொறி எஞ்சின் பூட்டுவது போல. அமெரிக்காவில் 1999 டொலர் என்று அறிவிக்கப்பட்ட அந்தக் கார்ட் தனியாகவே 575 வொட் கேட்கும். 4கே மொனிட்டர் இருப்பவருக்கு 16 ஜீ.பி. மெமரியுள்ள 5080, அல்லது அதைவிடக் குறைந்த 5070 டி.ஐ. பெரும்பாலும் போதும். ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்.டி.யும் 16 ஜீ.பி.தான். கார்ட் நீளத்தை அளந்துவிட்டுத்தான் கேஸிங் எடுக்கவேண்டும். சில கார்ட்கள் ஒரு அடிக்கும் நீளம். அளக்காமல் எடுத்து மூடி பூட்ட முடியாமல் தவித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

புரொசஸரில் விளையாட்டுக்கு மட்டும் என்றால் ஏ.எம்.டி. ரைஸன் 7 9800 எக்ஸ்3டி இப்போது நல்ல தெரிவு. எட்டு கோர்தான், ஆனால் 96 ஜீ.பி. அல்ல, 96 எம்.பி. கேஷ் மெமரி அதற்குள் இருக்கிறது. விளையாட்டுக்கு அதுதான் வேகம். ஏ.எம்.5 மதர்போட் எடுத்தால் பிறகு புரொசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பி650 வகைப் போட் போதும். பளபளக்கும் விலையுயர்ந்த போட்டில் போகும் காசைக் கார்டில் போடுங்கள். இன்டெல் 13 ஆம், 14 ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பழைய இருப்பு மலிவாக வந்தால் கவனம். வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போய் புரொசஸர் பழுதாகும் குறை இருந்ததென்று 2024 இல் கம்பனியே ஒப்புக்கொண்டு, வொரன்டியை இரண்டு வருடம் கூட்டியது. போட்டின் பயோஸைப் புதுப்பிக்காமல் அதை யாருக்கும் கொடுக்கவேண்டாம்.

ரெம் 32 ஜீ.பி., இரண்டு 16 ஆக, டி.டி.ஆர்.5 6000. நாலு துண்டு போட்டால் வேகம் குறையும். 2025 கடைசி மாதங்களில் ஏ.ஐ. நிறுவனங்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதால் ரெம் விலை இரட்டிப்பையும் தாண்டியது. மைக்ரோன் கம்பனி தன் குரூஷியல் ரெம்மைச் சில்லறைக்கு விற்பதையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய விலைப்பட்டியலைப் பார்த்து ரெம் விலை சொல்லாதீர்கள்.

பவர் சப்ளைக்கு வருவோம். 5080 க்கு 850 வொட், 5090 க்கு 1000 வொட் என்று என்விடியாவே சொல்கிறது. 80 ப்ளஸ் கோல்ட் என்ற அடையாளம் மின்சாரம் வீணாகாத அளவைத்தான் சொல்லும், பாதுகாப்பை அல்ல, ஏ.டி.எக்ஸ். 3.0 அல்லது 3.1 என்றிருப்பதையும் பாருங்கள். நான் மேலே சொன்ன துள்ளலைத் தாங்கும் விதி அதில்தான் இருக்கிறது. கார்டுக்குப் போகும் வயரின் முனையை கடைசி வரை அழுத்திப் பூட்டவேண்டும். 4090 கார்ட்களில் முனை உருகிய சம்பவங்களில் பல சரியாக அழுத்தாததால் வந்தவை.

நம்மூர்க் கடைகளில் வழமையாக விற்கும் 650 வீ.ஏ. யூ.பி.எஸ். ஏறத்தாழ 360 வொட்தான் தாங்கும். விளையாடும்போது வெட்டு வந்தால் மெஷினோடு சேர்ந்து அதுவும் படுத்துவிடும். 1500 வீ.ஏ., சைன் வேவ் வகை என்று கேட்டு எடுங்கள். வீட்டு ஏர்த்தைப் பார்க்கவும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். ஏப்ரல், ஒக்டோபர் இடி நமக்குத் தெரியும்தானே. தம்புள்ளை, நாவுல பக்கம் என்றால் முன்பக்கம் வலை போட்ட கேஸிங். கண்ணாடி அடைத்த கேஸிங் ரத்தோட்டைக் குளிருக்கு ஒருவேளை சரி.

வொரன்டி விடயத்தில் இன்னொன்று. சில இன்வொய்ஸ்களின் அடியில் 1 வருடம் என்றால் 350 நாள் என்று சிறு எழுத்தில் இருக்கும். மூன்று வருடத்தில் ஒன்றரை மாதம் போய்விடும். அந்த ஒன்றரை மாதத்தில் பழுதானால் வாடிக்கையாளர் கொழும்புக்குப் போகமாட்டார், நம் கடைக்குத்தான் வருவார்.

மருமகனின் விலைத் துண்டு இப்போது அச்சடித்தது. மேலே திகதியும் அன்றைய டொலர் விலையும், கீழே "இவ்விலை 3 நாட்களுக்கு" என்றும் இருக்கும். முற்பணம் கார்டின் முழு விலை. வாங்கிய அன்றே கார்டை ஓடர் பண்ணிவிடுவார். சாமான்களின் வரிசையில் பவர் சப்ளையின் பெயரும் மாடல் இலக்கமும் முதலாவதாக இருக்கிறது. போன மாதம் தம்புள்ளைக்காரரின் இளைய மகன் வந்து அதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.