இளஞ்சோளத்தின் நஞ்சு

ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோவில் மாட்டுச் சந்தைக்குப் பர்கூர் மலை மாடுகளும் காங்கயம் காளைகளும் வந்து சேர்வதை நாம் அறிவோம். அங்கே விலை கொடுத்து வாங்கிய மாட்டை ஓட்டிச் செல்லும் வழியில், மழையின்றி முழங்காலளவில் குன்றி நிற்கும் சோளக்காட்டில் சற்று நேரம் மேயவிட்டால், அம்மாடு வீடு சேராமலே மாண்டுபோகலாம். இதனைப் பாம்புக்கடி என்று கருதுவோரும் உண்டு. உண்மையில் கொன்றது சோளமே.

பூச்சி தின்ன வந்தால் செடியால் விலகிச் செல்ல இயலாது. ஆகவே சோளம் தன் இலையிலேயே 'துரின்' என்னும் பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதனைச் சிதைக்கும் நொதி அதே இலையில் வேறிடத்தில் இருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் தனித்தனியே இருக்குமளவும் நிறம் மாறாமல், கலந்தவுடன் சிவப்பதை இதற்கு ஒப்பிடலாம். வெட்டுக்கிளி கடித்ததும் இலை நசுங்கி இரண்டும் கலக்க, சயனைடு நஞ்சு வெளிப்படுகிறது. வெட்டுக்கிளி கடித்துப் பார்த்து விலகிவிடும். பசித்த மாடு விலகுவதில்லை. அதன் இரைப்பையிலுள்ள நீரும் நுண்ணுயிர்களும் நஞ்சை மேலும் விரைவாக வெளிப்படுத்துகின்றன. பூச்சிக்கென ஏற்பட்ட காவல் மாட்டுக்கு எமனாகிறது. (குருத்து ஈ மட்டும் இந்நஞ்சுக்கு அஞ்சாமல் இளம்பயிரையே நாடுகிறது என்பது வேறு கதை.)

எகிப்து நாட்டுச் சோளப் பயிரை ஆராய்ந்து இப்பொருளை 1902இல் பிரித்தறிந்தவர்கள் டன்ஸ்டன், ஹென்றி என்னும் ஆங்கில இரசாயன அறிஞர்கள். சோளத்தின் அரபிப் பெயரான 'துர்ரா' என்பதையொட்டி அவர்கள் இதற்குப் பெயரிட்டனர்.

முளையிலும் இளந்தளிரிலும் நஞ்சு மிகுதி. பயிர் முதிர முதிரக் குறையும். முற்றிய தானியத்தில் அநேகமாக இல்லை. ஆனால் வறட்சியில் வாடிய பயிரிலும், அறுத்த தாளிலிருந்து மழைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பிலும், யூரியா மிகுதியாக இட்ட பயிரிலும் அது பெருகி நிற்கும். மறுதாம்பைக் கண்டு ஏமாறுவோரே அதிகம். பச்சைப்பசேலென்றிருப்பதைத் தின்றால் கெடுதி என்று யாருக்குத்தான் தோன்றும்?

ஆகவே பசுந்தீவனமாகக் கொடுப்பதாயின் பூத்த பின்னரே அறுக்க வேண்டும். இளம்பயிரை அறுக்க நேர்ந்தால், நன்கு உலர்த்திய பின்னரே போட வேண்டும். உலரும்போது நஞ்சின் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. நம் முன்னோர் தட்டைக் காயவைத்துப் போர் போட்ட வழக்கம் இவ்வகையிலும் நன்மையே செய்தது. மரவள்ளியிலும் இவ்வகை நஞ்சே இருத்தலால், அதன் தழையையும் பச்சையாகக் கொடுத்தல் தகாது.

மேய்ந்த சிறிது நேரத்தில் மாடு மூச்சுத் திணறி, தள்ளாடி, வாயில் நுரை தள்ளி விழுந்தால் கைவைத்தியத்தில் காலம் போக்கலாகாது. சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஆகிய மருந்துகளைக் கால்நடை மருத்துவர் இரத்தக்குழாயில் ஏற்றினால் பிழைக்கும். ஆனால் தாமதித்தால் பயனில்லை. கால்நடை அவசர ஊர்தியை அழைக்கும் 1962 என்னும் எண்ணைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பால் சங்கத்திலும் சந்தைத் திடலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். கோடை மழை பெய்த மறு வாரத்தில், மறுதாம்புக் காட்டில் மாடு விடவேண்டாமென்று தண்டோரா போடுவித்தலும் நன்று.