லாப்ரடார் குட்டிக்கு எவ்வளவு தீனி, எவ்வளவு ஓட்டம்?

பிறந்து ஓராண்டு ஆகும்போது மனிதக் குழந்தையின் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. லாப்ரடார் நாய்க்குட்டியோ அரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்து, அதே ஓராண்டில் ஏறக்குறைய 25 முதல் 35 கிலோவை எட்டிவிடுகிறது. ஐம்பது மடங்குக்கும் மேல்! இவ்வளவு வேகமாக வளரும் உடலுக்குத் தீனியை அள்ளிப் போட வேண்டும், நன்றாக ஓடவிட வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? சிக்கலே அங்குதான் இருக்கிறது.

கால் எலும்பு அதன் நடுப்பகுதியில் நீள்வதில்லை. முனைகளின் அருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன, அங்குதான் நீள்கிறது. லாப்ரடாரில் இத்தட்டுகள் அனைத்தும் இறுகி எலும்பாக ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். அதுவரை அவை மென்மையானவை. இனி இடுப்பைப் பாருங்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் சுழல்கிறது. பாடத்தில் படித்த பந்துக் கிண்ண மூட்டுதான் இது. மரபு வழியாகவே சில லாப்ரடார்களுக்கு இந்தப் பந்து கிண்ணத்தில் இறுக்கமாகப் பொருந்துவதில்லை. குட்டி கொழுக்கக் கொழுக்கத் தளர்ந்த மூட்டின்மேல் சுமை ஏறுகிறது. பின்னாளில் மூட்டு தேய்ந்து வலி கொடுக்கிறது.

தீனிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய ஓர் ஆய்வு காட்டியது. 48 லாப்ரடார் குட்டிகளை உடன்பிறந்த இணைகளாகப் பிரித்தார்கள். எட்டு வார வயதிலிருந்து ஓர் இணையில் ஒன்றுக்கு வழக்கமான தீனி. மற்றதற்கு அது உண்டதைவிட 25 சதவீதம் குறைவு. ஆயுள் முழுவதும் இப்படியே. 2002இல் முடிவு வெளிவந்தது. நிறையத் தின்ற பிரிவின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைவாகத் தின்ற பிரிவுக்கு 13 ஆண்டுகள். முதற்பிரிவில் பாதி நாய்களுக்கு 6 வயதிலேயே இடுப்பு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. மற்றப் பிரிவில் அந்த நிலை வர 12 வயதாயிற்று! ஆய்வை நடத்தியது நாய்த்தீனி விற்கும் பியூரினா நிறுவனம் என்பதுதான் வேடிக்கை.

ஆனால் குட்டி தட்டை நக்கி முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று முகத்தைப் பார்க்கிறதே? அந்தப் பார்வையை நம்பாதீர்கள். "வயிறு நிறைந்தது" என்ற செய்தியை மூளைக்கு உணர்த்தும் பொருள்களை உண்டாக்கும் மரபணு ஒன்று உண்டு. ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரில் அதன் ஒரு சிறு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். அத்தகைய நாய்க்குப் பசி எளிதில் அடங்காது.

ஆகவே தீனியை அளந்து வையுங்கள். ஆறு மாதம் வரை நாளொன்றுக்கு மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. நேரம் மாறாமல் இருக்கட்டும். கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்தித் தெரியாமல், விரலால் தடவினால் எளிதில் தட்டுப்பட வேண்டும். எலும்பு வலுக்கட்டும் என்று கால்சியம் மருந்து ஊற்றுவது பெருந்தவறு. வளர்ந்த நாயின் குடல் வேண்டிய அளவை மட்டும் உறிஞ்சும். இளங்குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு போதாது. மிகுந்த கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

ஓட்டத்துக்கு வருவோம். நார்வேயில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வின்படி, மூன்று மாத வயது வரை தினமும் படிக்கட்டில் ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு அதிகம். வெளியே மிருதுவான தரையில் கயிறின்றி விளையாடியவற்றுக்குக் குறைவு. எனவே குட்டியை மாடிப்படியில் தூக்கிச் செல்லுங்கள். புல்தரையிலோ மணலிலோ தானாக ஓடி, களைத்தால் படுக்க விடுங்கள். சைக்கிளின் பின்னே ஓடவைப்பது, திரும்பத் திரும்பப் பந்து எறிந்து தாவச் செய்வது ஆகியவை ஓராண்டுக்குப் பிறகு போதும். சாப்பிட்ட உடனே ஓட்டம் வேண்டாம். கோடையில் காலை வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடுங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் தாங்காது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வாரந்தோறும் குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறுங்கள். உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். வயதைக் கிடை அச்சிலும் எடையைச் செங்குத்து அச்சிலும் குறித்து வரைபடம் வரையுங்கள். முதல் மாதங்களில் கோடு செங்குத்தாக ஏறி, ஆறு மாதத்துக்குப் பின் மெல்லச் சாய வேண்டும். சாயாமல் ஏறிக்கொண்டே போனால், விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் அந்த வரைபடத்தையே காட்டுங்கள்.