முப்பத்தொன்றாவது வாரத்தில் மும்பை

அன்புள்ள யாழினி,

"31 வாரம் ஆகிறது அத்தை, மும்பையில் ஆபீஸ் மீட்டிங், போகட்டுமா?" என்று எழுதியிருக்கிறாய். டிக்கெட் போட்டுவிட்டுத்தான் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? முதலில், இதை என்னிடம் கேட்டதே தப்பு. உன்னைப் பார்க்கிற டாக்டரிடம் கேள். பிரஷர் எப்படி, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, குழந்தை ஒன்றா இரண்டா என்றெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். அவர் சரி என்ற பிறகும் மிச்சமிருப்பதைத்தான் நான் எழுதுகிறேன்.

நீ பயப்படுவது குலுங்கலுக்கு. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் வலி வந்துவிடுமோ என்று. என் பயம் வேறு: வலி வரும்போது நீ எங்கே இருப்பாய்? ஜிப்மரும் எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனையும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற புதுச்சேரியைவிட்டுக் கிளம்புகிறாய். விமானம் பிடிக்கச் சென்னைக்குக் காரில் போக இரண்டு வழி. காலாப்பட்டில் பிம்ஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டினால் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலை அழகுதான், மரக்காணத்து உப்பளம், சவுக்குத் தோப்பு, கழிமுகம் எல்லாம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வெகுதூரம் போக வேண்டும். திண்டிவனம் வழியில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் திண்டிவனத்தில் அரசு ஆஸ்பத்திரி, மேல்மருவத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரி, செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி என்று வழிநெடுக இருக்கின்றன. குழந்தை பிறக்கும்வரை உனக்கு அழகான ரோடு வேண்டாம்.

"அந்தக் காலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போதே பிள்ளை பெற்றார்களே" என்பாய். பெற்றார்கள். வீடு வரப்புக்கு அந்தப் பக்கம், மருத்துவச்சி அடுத்த தெரு. அப்படியும் எத்தனையோ பேர் பிழைக்கவில்லை. அந்தக் கதையை மட்டும் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை.

காரில் நீ செய்யப்போகிற தப்புகளை இப்போதே சொல்லிவிடுகிறேன். வயிறு அழுத்துகிறது என்று சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுவாய். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு ஒட்டிப் போக வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் ஓரமாக இறங்க வேண்டும். வயிற்றின் மேல் மட்டும் போடாதே. அடுத்தது தண்ணீர். வழியில் கழிவறை சரியில்லை என்று வீட்டிலிருந்தே குடிக்காமல் கிளம்புவாய். நம் பெண்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. கர்ப்பத்தில் இரத்தம் ஏற்கெனவே எளிதில் உறையும் தன்மையில் இருக்கும். அதில் தண்ணீரும் இல்லாமல், காலை மடக்கி நாலு மணி நேரம் உட்கார்ந்தால் கால் நரம்பில் இரத்தம் கட்டியாக உறைய வாய்ப்பு கூடும். மணிக்கு ஒருமுறை இறங்கி நட. ஊர் திரும்பியபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அலைச்சல் அசதி என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதே, அன்றைக்கே டாக்டரிடம் காட்டு.

விமானக்காரர்களுக்கு மாதக் கணக்கு தெரியாது, வாரக் கணக்குதான். நம் நாட்டு நிறுவனங்கள் பலவும் 32 வாரம் தாண்டினால் டாக்டர் சான்று கேட்கும். 36 தாண்டினால் ஏற்றாது. நீ போகும் தேதிக்கு மட்டும் கணக்குப் போட்டிருப்பாய். திரும்பும் தேதிக்கும் போடு. மீட்டிங் தள்ளிப்போனால் என்ன செய்வாய் என்றும் யோசி.

"அப்படியானால் ரயிலில் போகிறேன்" என்றால், ரிசர்வேஷன் கவுண்டரில் சான்றைக் காட்டிக் கீழ்ப் படுக்கை கேள். கர்ப்பிணிகளுக்கு அந்த ஒதுக்கீடு உண்டு. தனியாக மட்டும் போகாதே. 2024 மே மாதம் சென்னையிலிருந்து போன கொல்லம் எக்ஸ்பிரஸில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் தவறி விழுந்து இறந்துபோனாள். குமட்டுகிறது என்று எழுந்து கதவுப் பக்கம் போன சின்னப் பெண். நம் விழுப்புரத்தைத் தாண்டித்தான் அது நடந்தது. குமட்டினால் உட்கார்ந்த இடத்திலேயே கவரில் எடு, வெட்கப்படாதே.

இவ்வளவும் சொன்னேனே தவிர, உண்மையில் கேட்கவேண்டிய கேள்வியை நீ கேட்கவே இல்லை. போகமாட்டேன் என்று ஆபீசில் சொன்னால் என்ன ஆகும்? 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் மகப்பேறு பகுதியைப் பார். பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முந்தைய ஒரு மாதம். இந்தக் காலத்தில் கர்ப்பத்துக்குக் கெடுதல் செய்யக்கூடிய வேலையை ஒரு பெண்ணிடம் வாங்கக்கூடாது. கணக்குப் போட்டால் 30ஆவது வாரத்துப் பக்கம் தொடங்குகிறது. நீ அதற்குள் வந்தாயிற்று. ஆனால் அவள் கேட்டுக்கொண்டால்தான் அந்தப் பாதுகாப்பு. நீ வாயைத் திறக்காவிட்டால் சட்டமும் திறக்காது. முன்பு 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்த ஏற்பாடுதான் இது, அப்படியே தொடர்கிறது. பயணம் என்ற வார்த்தை அதில் இல்லை என்று மேனேஜர் சொல்லலாம். அதற்குத்தான் டாக்டர் சீட்டு. அந்தப் பழைய சட்டத்தின் 2017 திருத்தம் தந்த 26 வார விடுப்பும் முதல் இரண்டு பிரசவங்களுக்குத் தொடர்கிறது, அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம்.

"கேட்டால் ப்ரமோஷன் போய்விடும்" என்கிறாயா? போகலாம், பொய் சொல்லமாட்டேன். விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்று சட்டம் தடுக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. இருந்தாலும் நீ எந்த ஊர்ப் பெண் என்பதை நினைத்துக்கொள். 1930களில் இந்த ஊர் மில் தொழிலாளிகள் எட்டு மணி வேலைக்காகப் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். உன்னிடம் கேட்பது ஓர் இமெயில்.

அதை இன்றைக்கே எழுது. பேசிவிட்டேன் என்று சொல்லாதே, எழுத்தில் இருக்கட்டும். பிரசவத் தேதி, எத்தனையாவது வாரம், டாக்டர் சான்று, மீட்டிங்கில் வீடியோவில் சேருகிறேன் என்ற ஒரு வரி, போதும். மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்காதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும். அனுப்புவதற்குமுன் எனக்குக் காட்டு.

சீமந்தத்துக்கு நாள் குறித்ததும் சொல். வளையல் வாங்க நேரு வீதிக்கு நான் போய்க்கொள்கிறேன், அதற்கும் நீ கிளம்பி வராதே.

அன்புடன்,
அத்தை