அந்த அலமாரி யார் கைக்குப் போகும்?

தருமபுரியில் ஸ்டுடியோ நடத்துபவர், கூத்து வாத்தியார், வக்கீல், வட்டார வரலாறு எழுதும் பள்ளி ஆசிரியர் என்று யாரை எடுத்தாலும் வீட்டிலோ கடையிலோ ஓர் அலமாரி இருக்கும். அவர் போன பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அதை ஒழிப்பார்கள். பாதி எடைக்குப் போகும், மீதி போகிக்கு. வீட்டாரைத் திட்டிப் பயனில்லை. எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் அலமாரிக்காரர்தான்.

பெரிய எழுத்தாளர் என்றாலும், சொல்லி வைக்காவிட்டால் சிக்கல்தான். 1921இல் பாரதி இறந்த பிறகு அவர் எழுத்தின் உரிமை பட்ட பாடு தெரிந்ததுதான். மனைவி செல்லம்மாள் பதிப்பிக்கத் தொடங்கினார்; பின்னர் உரிமை பாரதியின் தம்பி விசுவநாதனிடம் வந்தது; பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை மட்டும் தனியே விலைபோய், கடைசியில் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. 1949இல் அரசு தலையிட்டு நாட்டுடைமையாக்கியது. 1955இல்தான் எழுத்து பொதுச்சொத்தானது. மகாகவி என்பதால் அரசு வந்தது. நம் நோட்டுக்கு யாரும் வரப்போவதில்லை.

எனவே முதல் வேலை, பிரிப்பது. அலமாரியில் இருப்பதெல்லாம் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுத்த படத்தின் பதிப்புரிமை, வேறு பேச்சு இல்லையென்றால், படம் எடுக்கச் சொன்னவருக்கு. கல்யாண ஆல்பம் போட்டே காலம் தள்ளிய ஸ்டுடியோக்காரர்களில் பலர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். உங்களுக்கு வந்த கடிதத்தில் தாள் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவருடையது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்ன ரகசியம் வழக்கு முடிந்தாலும் ரகசியம்தான்; அந்தக் கட்டுகளை வீட்டுப் பரணில் போடக்கூடாது, யாரிடம் ஒப்படைப்பது என்று ஜூனியரிடம் இப்போதே பேசி வைக்க வேண்டும். மருத்துவர்கள் உள்நோயாளிக் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேற்பட்டதை எடைக்குப் போடாதீர்கள். கிழித்தோ எரித்தோ அழியுங்கள்.

உங்களுடையது என்று உறுதியானதற்கு உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பயன்பெறுபவரைச் சாட்சியாக வைக்காமல் இருப்பது நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள், பின்னாளில் சண்டை குறையும். பத்திர எழுத்தரிடம் போனால் அவர் நிலம், வீடு, நகை என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார். 'என் கையெழுத்துப் படிகளும் அவற்றின் பதிப்புரிமையும்' என்ற வரியை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். அச்சாகாத கையெழுத்துப் படியை ஒருவருக்கு உயிலில் கொடுத்தால், வேறு விதமாகச் சொல்லாதவரை, பதிப்புரிமையும் அதோடு அவருக்குப் போகும் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். உயிலே இல்லையென்றால் உரிமை எல்லா வாரிசுகளுக்கும் சேர்ந்தே போகும். நீங்கள் போன பிறகும் 60 ஆண்டு நிற்கிற உரிமை அது. ஒரு நாடகத்தை அச்சிட மகன், மகள், மருமகள், பேரன் என்று அத்தனை பேரின் கையெழுத்துக்கும் பதிப்பாளர் அலைய மாட்டார். புத்தகம் வராது, அவ்வளவுதான்.

வாரிசும் பொறுப்பாளரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. வருமானம் பிள்ளைகளுக்குப் போகட்டும். எதை அச்சிடலாம், எதைக் காட்டக்கூடாது என்ற முடிவை விஷயம் தெரிந்த ஒரு மாணவரிடமோ நண்பரிடமோ விடலாம். அவரைக் கேட்டு, சம்மதம் வாங்கி, பெயரை உயிலிலேயே எழுதுங்கள். ஆனால் டைரியை எரிக்கும் வேலையை மட்டும் அவரிடம் விடாதீர்கள். எழுத்தாளர் காஃப்கா தன் கையெழுத்துப் படிகளை எரிக்கச் சொல்லி நண்பர் மாக்ஸ் பிராடை நம்பினார். 1924இல் காஃப்கா போனதும் பிராட் அவற்றை அச்சிட்டார். இலக்கியத்துக்கு லாபம், சரி. ஆனால் அந்தக் காகிதங்களுக்கான வழக்கு இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் வரை போய் 2016இல்தான் முடிந்தது. யாரும் படிக்கக்கூடாதது எதுவோ அதை நீங்களே எரித்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் இருப்பதற்கு ஒரு மாலை போதும். கூகுள் கணக்கு குறிப்பிட்ட காலம், அதாவது 3 முதல் 18 மாதம் வரை, பயன்படுத்தப்படாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எந்தக் கோப்புகள் கிடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். 10 பேர் வரை சேர்க்கலாம். இதைச் செய்யாமல் கணக்கு இரண்டு ஆண்டு சும்மா கிடந்தால் கூகுள் அதை நீக்கிவிடலாம். செல்போன் எண் ரீசார்ஜ் இல்லாமல் போனால் ஓ.டி.பி. வராது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

வீட்டில் வைக்க ஆள் இல்லையென்றால் நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் 1992இல் அவர் இறந்த பிறகு சிதறிப்போகவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியது, 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமானது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் செய்தது. ஆக, ஸ்டுடியோ நெகட்டிவுக்கும் கேட்பவர் உண்டு.

கொடுக்கும்போது மட்டும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பொருளைக் கொடுக்கிறீர்களா, உரிமையையும் சேர்த்தா? நகல் எடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தருவார்களா? அடுத்தவர் ரகசியம் உள்ள கட்டுகளை எந்த ஆண்டு வரை திறக்கக்கூடாது? இடமில்லை என்று கழிக்க நேர்ந்தால் முதலில் யாரிடம் கேட்பார்கள்? நான்குக்கும் பதில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை உயிலோடு வைத்துவிடுங்கள்.