மை அடைத்த பிரிண்டர்: எந்த மெஷினுக்கு எந்த வழி?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் பிரிண்டரைத் துணி போட்டு மூடிவைப்போம். ஜூனில் பள்ளி திறக்கும்போது எடுத்தால் கறுப்பு எழுத்தே விழாது. மலையடிவாரம்தான், ஆனாலும் சித்திரை, வைகாசியில் வீசுவது அனல்காற்று. மை பீச்சும், தலைமுடியைவிட நுண்ணிய துளைகளின் வாயில் மை காய்ந்து பொருக்குத் தட்டிவிடும். "மெஷின் போச்சு" என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் வீட்டிலேயே சரியாகிவிடும். எந்த மெஷினுக்கு எந்த வழி என்பது தெரிந்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது: ஹெட் எங்கே?

எச்பி 803, 805, கேனான் 745, 746 போன்ற சிறிய கார்ட்ரிட்ஜ்களில், அந்தத் துளைகள் உள்ள ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிதாகிவிடும். கேனான் ஜி2010, ஜி3010 போன்ற டேங்க் மெஷின்களில் மை தொட்டியில் இருக்கும். ஹெட்டைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். எப்சன் எல்3110, எல்3250 வகையில் ஹெட் மெஷினோடு சேர்ந்தது. வீட்டில் அதைக் கழற்றக் கூடாது.

வழி 1: மெனுவில் உள்ள கிளீனிங்

எல்லா மெஷினுக்கும் இதுதான் முதல் படி. நாசில் செக் தாள் ஒன்று எடுங்கள். கோடுகள் அங்கங்கே அறுந்திருந்தால் சில துளைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள்; கிளீனிங் கொடுங்கள். ஒரு நிறம் அடியோடு இல்லை என்றால், முதலில் மை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று முறைக்கு மேல் கிளீனிங் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உறிஞ்சிய மை உள்ளேயுள்ள பேடில் போய்ச் சேரும். அது நிறைந்தால் மெஷின் நின்றுவிடும். மூன்று முறையும் பலிக்கவில்லை என்றால் எப்சனுக்கு 12 மணி நேரமும், கேனான் ஜி வரிசைக்கு 24 மணி நேரமும் ஓய்வு கொடுங்கள். அதற்குள் புது மை உள்ளே இறங்கிக் காய்ந்த மையை ஊறவைக்கும். எப்சனில் அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் பவர் கிளீனிங் கொடுக்கலாம். தொட்டியில் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும்.

வழி 2: ஈரத் தாள்

இது கார்ட்ரிட்ஜ் வகைக்கு மட்டும். போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்குங்கள். டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து நனைத்து, அதன்மேல் ஹெட்டை இரண்டு நிமிடம் வையுங்கள். கலர் கார்ட்ரிட்ஜைத் தூக்கினால் தாளில் நீலம், சிவப்பு, மஞ்சள் என மூன்று பட்டை தெரியும். மூன்றும் அழுத்தமாகப் பதிந்தால் அடைப்பு விட்டது. ஒன்று மங்கினால் இன்னொரு முறை வையுங்கள். செம்புநிறத் தகட்டில் விரல் படக் கூடாது. பஞ்சும் வேண்டாம், அதன் இழையே துளையை அடைக்கும்.

வழி 3: சிரிஞ்ச்

சிரிஞ்சால் தண்ணீரை ஹெட்டுக்குள் தள்ளும் இந்த வழியை, ஹெட் மெஷினோடு சேர்ந்த வகைக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அவசரத்தில் ஒருமுறை அழுத்தித் தள்ளினேன். மை ஹெட்டுக்குள் கசிந்தது தெரியாமல் சுவிட்சைப் போட்டேன். ஹெட்டோடு போர்டும் போயிற்று. ஓர் இரவு பொறுத்திருந்தால் பிழைத்திருக்கும்.

வழி 4: மாற்றுவது

கார்ட்ரிட்ஜ் வகையில் ஈரத் தாள் இரண்டு நாளாகியும் பலிக்கவில்லை என்றால் புதிதாக வாங்கிவிடுங்கள். கேனான் ஜி வரிசையில் ஓய்வுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் அடைத்த ஹெட்டை மட்டும் மாற்றுங்கள். எப்சன் வகையைச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்; புது ஹெட்டின் விலையைப் புது மெஷினின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாதம் நாலைந்து கறுப்புப் பக்கம்தான் வேண்டும் என்றால் அடுத்த முறை லேசர் வாங்குங்கள். டோனர் பொடிக்குக் காய்கிற பேச்சே இல்லை.

மறுபடி அடைக்காமலிருக்க

வாரம் ஒரு கலர் பக்கம் எடுங்கள், விடுமுறையிலும் விடாதீர்கள். அணைக்கும்போது சுவர் சுவிட்சைத் தட்டாமல், முதலில் மெஷினின் பட்டனை அழுத்துங்கள். அப்போதுதான் ஹெட் ஓரமாய்ப் போய் மூடியின்மேல் உட்காரும். அந்த மூடிதான் மை சீக்கிரம் காய்ந்துவிடாமல் காக்கிறது.