கார்டும் பிளாஷும்: புதுக் கேமரா வாங்கியவர்களுக்குச் சில குறிப்புகள்

வீட்டுக்கு முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா வந்ததும் எல்லோரும் லென்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் விசேஷ வீட்டுப் படங்கள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் அவசரத்தில் வாங்கிய மெமரி கார்டும், தானாகத் தலைதூக்கி மின்னும் பிளாஷும்தான். கேனான் 1500டி, நிகான் டி3500 மாதிரியான ஆரம்பநிலை கேமராக்களை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை.

1. கார்டு வாங்கும் முன் கேமராவின் கையேட்டில் எந்த வகை போடலாம் என்று பாருங்கள். 2 ஜிபி வரை உள்ளது சாதா எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி. 64 ஜிபியிலிருந்து எஸ்டிஎக்ஸ்சி. மூன்றும் ஒரே வடிவம், ஒரே துளையில் நுழையும். புதுக் கேமரா பழைய கார்டை ஏற்கும். பழைய கேமரா புதுக் கார்டை ஏற்காது. எஸ்டிஹெச்சி வந்ததே 2006-இல்தான். பீரோவிலிருந்து அப்பாவின் பழைய சின்ன கேமராவை எடுத்துத் தூசி தட்டுகிறவர்கள் 2 ஜிபி கார்டைத் தேட வேண்டியிருக்கும். அது பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி என்றால் எக்ஸ்டி கார்டு, பழைய சோனி என்றால் மெமரி ஸ்டிக். இவை செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும்.

2. எத்தனை ஜிபி? 24 மெகாபிக்சல் கேமராவில் நல்ல தரத்து ஜேபெக் படம் ஒன்று ஏழெட்டு எம்பி வரும். 32 ஜிபி கார்டில் நாலாயிரத்தை நெருங்கும் அளவுக்குப் படங்கள் கொள்ளும். ரா ஃபைலாக எடுத்தால் ஒன்று 25 எம்பிக்குப் பக்கம். அப்போதும் ஆயிரத்துக்குக் குறையாது. கார்டைத் தின்பது வீடியோதான். முழு ஹெச்டி வீடியோவுக்கு நிமிடத்துக்கு 330 எம்பி என்று வைத்துக்கொண்டால், 32 ஜிபியில் ஒன்றரை மணி நேரம். முகூர்த்தம், ஆசீர்வாதம், சாப்பாட்டுப் பந்தி எல்லாவற்றையும் ஓடவிடுகிற ஆளாக இருந்தால் 64 வாங்குங்கள். படம் மட்டும் எடுப்பவருக்கு 32 தாராளம்.

3. கார்டின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதைப் பக்கத்தில் உள்ள சின்ன முத்திரைகளில் பாருங்கள். ஆங்கில 'சி' எழுத்துக்குள் 10 என்றாலும், 'யூ' எழுத்துக்குள் 1 என்றாலும் விநாடிக்குக் குறைந்தது 10 எம்பி. 'யூ'வுக்குள் 3 என்றாலும், 'வி' போட்டு 30 என்றாலும் 30 எம்பி. நம் கேமராவின் ஹெச்டி வீடியோவுக்கு முதல் வகையே போதும். ராவில் தொடர்ச்சியாக அழுத்தித் தள்ளுபவர்கள் இரண்டாவது வகைக்குப் போகலாம். அதற்கும் மேலே, பின்பக்கம் இரண்டு வரிசைத் தகடுகளோடு யூஹெச்எஸ் இரண்டாம் தலைமுறைக் கார்டுகள் உண்டு. விலை எகிறும். ஆரம்பநிலை கேமரா அந்த இரண்டாவது வரிசையைத் தொடவே தொடாது. கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

4. போலி கார்டு. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் ஏமாந்தது ஏமாந்த அன்றைக்குத் தெரியாது. கார்டுக்குள் நினைவகத்தோடு ஒரு கட்டுப்பாட்டுச் சில்லும் இருக்கிறது. 'என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது' என்று கேமராவிடம் சொல்வது அந்தச் சில்லுதான். போலி செய்பவர்கள் அதைப் பொய் சொல்ல வைக்கிறார்கள். உள்ளே இருப்பது 8 ஜிபி; சில்லு சொல்வது 128. உழக்கின் மேல் மரக்கால் என்று எழுதி ஒட்டின கதை. முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் பழைய படங்களின் மேலேயே விழும், அல்லது எங்கும் பதியாமல் போகும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் ஃபைல் பெயர்கள் வரிசையாக இருக்கும். திறந்தால் பாதிப் படம் சாம்பல் பட்டையாக நிற்கும், அல்லது திறக்கவே திறக்காது.

கண்டுபிடிக்க வழி: கார்டு கைக்கு வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், முழுக் கார்டையும் நிரப்பிப் பாருங்கள். விண்டோஸில் 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'எஃப்3'. கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, எத்தனை ஜிபி உண்மை என்று சொல்லிவிடும். மென்பொருளெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு சினிமா ஃபைலைப் பெயர் மாற்றி மாற்றி கார்டு நிறையும்வரை காப்பி செய்யுங்கள். பிறகு கார்டைக் கழற்றி மறுபடி செருகி, முதலில் போட்டது, நடுவில் போட்டது, கடைசியில் போட்டது மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். மூன்றும் ஓடினால் ஓரளவு நம்பலாம். மற்ற கடைகளில் விற்பதில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெரிய கார்டு என்றால் சோதனைகூட வேண்டாம், வாங்காதீர்கள்.

5. 128 ஜிபியில் ஒன்று வாங்குவதைவிட 32-இல் இரண்டு வாங்குவது நல்லது என்பது என் கட்சி. ஆரம்பநிலை கேமராவில் கார்டுக்கு ஒரே ஒரு துளைதான். அந்தக் கார்டு மக்கர் செய்தால் மொத்த விசேஷமும் போயிற்று. முகூர்த்தம் ஒன்றில், வரவேற்பு ஒன்றில் என்று பிரித்துக்கொண்டால் பாதியாவது மிஞ்சும். நிறைந்த கார்டை டப்பாவில் முகம் கவிழ்த்து வைத்தால் காலிக் கார்டோடு குழம்பாது.

6. மொபைலிலிருந்து கழற்றிய மைக்ரோ எஸ்டியை அடாப்டருக்குள் செருகிப் போடலாமா? அவசரத்துக்குப் போடலாம். நிரந்தரமாக வேண்டாம். அடாப்டர் ஒரு கூடுதல் மூட்டு. அது லேசாக ஆடினாலும் 'கார்டு எரர்' வரும்.

7. கார்டைக் கேமராவுக்குள் வைத்தே ஃபார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம். அதையும் படங்கள் இரண்டு இடத்தில் காப்பி ஆன பிறகு.

8. கேமராவின் பின்புறம் சின்ன விளக்கு ஒன்று மினுங்கும். அது மினுங்குகிற வரை கார்டு எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் கார்டு மூடியையோ பேட்டரி மூடியையோ திறந்தால் அந்தப் படம் மட்டுமில்லை, கார்டின் மொத்தக் கணக்குமே குழம்பலாம்.

9. 'கார்டு லாக்' என்று கேமரா அடம்பிடித்தால் பயப்படாதீர்கள். கார்டின் இடது விளிம்பில் ஒரு சின்னத் தள்ளு உண்டு. கார்டைச் செருகும்போது அது உராய்ந்து கீழே இறங்கியிருக்கும். மேலே தள்ளினால் சரி. தொளதொளவென்று ஆகிவிட்டால் கார்டை மாற்றும் காலம் வந்துவிட்டது.

10. தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால் உடனே கேமராவை அணைத்துக் கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். அழிப்பதென்றால் 'இந்த இடம் காலி' என்று குறித்து வைப்பது மட்டுமே. படம் உள்ளேதான் இருக்கும், அதன் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாத வரை. 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள்.

11. இனி பிளாஷ். கேமராவின் தலையில் எழும்பும் குட்டி பிளாஷ் எவ்வளவு தூரம் எட்டும்? இதற்கு 'கைட் நம்பர்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. 1500டியில் அது ஐஎஸ்ஓ 100-க்குச் சுமார் 9 மீட்டர். இதை லென்ஸின் எஃப் எண்ணால் வகுத்தால் தூரம் வரும். கூடவே வரும் 18-55 லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6, ஒன்பதை 5.6-ஆல் வகுத்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். ஜூம் செய்யாமல் 3.5-இல் வைத்தால் இரண்டரை மீட்டர். அவ்வளவுதான். டி3500-க்கு இதைவிடக் கொஞ்சம் குறைவு. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் தூரம் இரட்டிக்கும், 1600 ஆக்கினால் நாலு மடங்கு. ஹாலில் எடுப்பவர்கள் ஐஎஸ்ஓ 400, 800 என்று வைத்துக்கொண்டால் பின்னால் இருக்கும் சுவரும் கொஞ்சம் தெரியும், ஆட்கள் மட்டும் இருட்டில் மிதப்பது போல் இருக்காது.

12. சபாவில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து அரங்கேற்றத்தைப் பிளாஷ் போட்டு எடுப்பவர்களைப் பார்க்கிறோம். முன்னால் இருப்பவர்களின் பின்னந்தலைதான் பளிச்சென்று வரும். மேடை விளக்கே போதும்: பிளாஷை மூடி, ஐஎஸ்ஓ 1600-க்கு ஏற்றி, ஷட்டரை 1/200 அளவில் வையுங்கள். ஆடுகிற பெண்ணின் கவனமும் சிதறாது.

13. குரூப் ஃபோட்டோவில் முன்வரிசைப் பிள்ளைகள் வெளுத்து, பின்வரிசைத் தாத்தா கறுத்துப் போவது ஏன்? வெளிச்சம் இரண்டு மடங்கு தூரம் போனால் நாலில் ஒரு பங்காகக் குறையும். முன்வரிசை ஒன்றரை மீட்டரில், பின்வரிசை மூன்று மீட்டரில் இருந்தால் தாத்தாவுக்குக் கிடைப்பது கால்பங்கு. நீங்கள் இன்னும் ஒன்றரை மீட்டர் பின்னால் போனால் தூரங்கள் மூன்றும் நாலரையும் ஆகும். வித்தியாசம் நாலு மடங்கிலிருந்து இரண்டேகால் மடங்காகக் குறைந்துவிடும். பின்னால் போன தூரத்துக்கு ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ளுங்கள். வரிசைகளையும் நெருக்கி நிற்கச் சொல்லுங்கள்.

14. பிளாஷ் மிகவும் உதவுவது பகலில்தான் என்றால் பலர் நம்புவதில்லை. வாசலில் நிற்பவருக்குப் பின்னால் வெயில் அடித்தால் முகம் கரியாக வரும். கேமரா தானாகப் பிளாஷ் போடாமல் விட்டுவிடலாம். அப்போது மின்னல் குறி பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும். ஆனால் உச்சி வெயிலில் எஃப் எண் 11-க்குப் போய்விடும் என்பதால் பிளாஷின் முழு பலம் ஒரு மீட்டர்கூட எட்டாது. ஆளைத் திண்ணை நிழலுக்கோ மரத்தடிக்கோ கூப்பிட்டு, இரண்டு மூன்று அடி நெருங்கிப் போய் எடுங்கள். முகம் ரொம்ப வெளுத்தால் மெனுவில் பிளாஷ் அளவை ஒரு படி குறையுங்கள்.

15. கொலுவையும் குத்துவிளக்கையும் பிளாஷ் போட்டு எடுக்காதீர்கள். போட்டுத்தான் பாருங்களேன்: சுடர்கள் மஞ்சளை இழந்து வெளிறும், பித்தளைத் தண்டில் நட்ட நடுவே வெள்ளைப் புள்ளி ஒன்று குத்தி நிற்கும், பொம்மை ஒவ்வொன்றின் பின்னாலும் படிக்கட்டில் கத்தரித்து ஒட்டியது மாதிரி கறுப்பு நிழல் விழும். பட்டுப்புடவையின் ஜரிகை நிறமே மாறிவிடும். பிளாஷை மூடி, கேமராவை ஸ்டூலின் மேல் வைத்து, 2 விநாடி டைமர் போட்டு, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/8 அல்லது 1/4 என்று முயலுங்கள். பொம்மை அசையப் போவதில்லை.

கொலு முன்னால் குழந்தை உட்கார்ந்திருக்கிறதென்றால் கதை வேறு, அது அசையும். அப்போது பிளாஷைக் குறைத்துப் போட்டு, 'ஸ்லோ சிங்க்' வசதியால் ஷட்டரை 1/15 வரை தாமதிக்க விடுங்கள். முகத்தைப் பிளாஷ் பிடிக்கும், விளக்கொளியை மெதுவான ஷட்டர் பிடிக்கும். கேனானில் ஏவி மோடில் வைத்தாலே பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கும். நிகானில் பிளாஷ் மோடுகளில் தேர்ந்தெடுக்கலாம்.

16. ஹோமப் புகைக்கு நடுவில் பிளாஷ் போட்டால் புகைதான் ஒளிரும், ஐயரும் தெரியமாட்டார், மாப்பிள்ளையும் தெரியமாட்டார். தூறலுக்கும் இதே விதி.

17. கண்ணாடி போட்ட சாமி படம், தாத்தா பாட்டி ஃபோட்டோ, தஞ்சாவூர் ஓவியம், பாலிஷ் ஏறிய பீரோ இவை பின்னால் இருந்தால் நேராக நிற்காமல் பக்கவாட்டில் சாய்வாக நின்று எடுங்கள். வெளிச்சம் பட்டு மறுபக்கம் போய்விடும்.

18. படத்தின் கீழே அரைவட்டமாகக் கறுப்பு விழுந்தால் அது லென்ஸ் ஹூடின் நிழல். பிளாஷ் போடும்போது ஹூடைக் கழற்றுங்கள். சுவரில் நிழல் விழுந்தால் ஆளைச் சுவரிலிருந்து நாலைந்து அடி முன்னால் வரச் சொல்லுங்கள்.

19. பிளாஷ் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் மென்மையாகும் என்பார்கள். அளவு குறையும், அது உண்மை. மென்மை பெரிதாக வராது. வெளிச்சம் புறப்படும் இடம் இன்னும் அதே கட்டைவிரல் அகலம்தானே. நிஜமாகவே மென்மை வேண்டுமானால் தலையைத் திருப்பக்கூடிய தனி பிளாஷ் வாங்கி, வெள்ளைக் கூரையைப் பார்த்து அடியுங்கள். கூரை பச்சை என்றால் முகமும் பச்சை. வாங்கும் முன் கேமராவின் மேலுள்ள பிளாஷ் சொருகும் தகட்டைப் பாருங்கள்: ஆரம்பநிலை கேனான்கள் சிலவற்றில் நடுவில் இருக்க வேண்டிய பெரிய புள்ளி கிடையாது. அதை மட்டும் நம்பி இயங்கும் மலிவு பிளாஷ்களும் டிரிக்கர்களும் அவற்றில் வேலை செய்யாது. கடையிலேயே உங்கள் கேமராவில் மாட்டி, மின்னுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

20. 'ரெட் ஐ' குறைக்கும் வசதியைப் போட்டால், படம் பதிவாகும் முன் சின்ன விளக்கு ஒன்று கொஞ்ச நேரம் எரியும். அதைப் பார்த்ததும் 'எடுத்தாச்சு' என்று நினைத்து ஆட்கள் கலைந்துவிடுவார்கள். பெரிய மின்னல் வருகிற வரை அசையாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

21. தனி பிளாஷைக் கேமரா பைக்குள் வைக்கும் முன் பென்டார்ச் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் ஸ்பிரிங் பச்சையேறி பிளாஷ் வீணாகும். அதே பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பதும் குறையும். புதுச் செருப்பு டப்பாவில் வருவதே போதும்.